வெண்ணெய் தின்றால் தைராய்டு தீருமா?

சேலம், நாமக்கல் வட்டாரத்தில் இப்போது ஒரு பேச்சு அடிபடுகிறது.

"புல் மேய்ந்த பசுவின் வெண்ணெயைத் தினம் ஓர் உருண்டை தின்றால் தைராய்டு ஓடிப் போகும்!"

கைப்பேசியில் இது வருகிறது. கல்யாணப் பந்தியில் இது பேசப்படுகிறது. கடைகளில் "நாட்டு மாட்டு நெய்", "மேய்ச்சல் மாட்டு வெண்ணெய்" என்று சீட்டு ஒட்டிய ஜாடிகள் வரிசையாக நிற்கின்றன. சாதாரண நெய்யைப் போல இரண்டு மடங்கு, மூன்று மடங்கு விலை. அதையும் கொடுத்து வாங்குகிறார்கள்.

வாங்கட்டும். நல்ல வெண்ணெயை வேண்டாம் என்று யார் சொல்லுவார்கள்? ஆனால், சில வீடுகளில் வெண்ணெய் உள்ளே வருகிறது. மாத்திரை வெளியே போகிறது. அதுதான் கவலை.

ஒரு வீட்டை நினைத்துப் பாருங்கள். ராசிபுரம் பக்கம் ஒரு கிராமம். மருமகளுக்குத் தைராய்டு. டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார். மாமியார் ஒரு கிண்ணத்தில் வெண்ணெயோடு வந்து நிற்கிறாள்.

"ஏனுங்க அத்தை, இனி மாத்திரை வேண்டாமுங்களா?"

"வெண்ணெய் இருக்கையில மாத்திரை எதுக்கு கண்ணு? அந்தக் காலத்துல நாங்க மாத்திரையா தின்னோம்?"

அத்தை கெட்டவள் அல்ல. மருமகள் மேல் உள்ள பிரியத்தினால்தான் சொல்லுகிறாள். அவள் சொல்லுவதில் உண்மை இருக்கிறதா? பசு தின்னும் புல்லுக்கும், நம் கழுத்துக்கும் தொடர்பு உண்டா?

தொடர்பு உண்டு! ஆனால், அது வெண்ணெயில் இல்லை.

கழுத்தில் ஒரு வண்ணத்துப்பூச்சி

தைராய்டு என்பது நோயின் பெயர் அல்ல. அது நம் எல்லோருடைய கழுத்திலும் இருக்கும் ஒரு சுரப்பி. குரல்வளைக்குக் கீழே, வண்ணத்துப்பூச்சி சிறகு விரித்தது போல ஒட்டிக்கொண்டு இருக்கிறது. அது சுரக்கும் நீர் உடம்பு முழுவதும் போய், "வேலை செய்! வேலை செய்!" என்று ஒவ்வோர் உறுப்பையும் விரட்டுகிறது.

அந்த நீர் குறைந்தால் உடம்பு மந்தமாகிவிடும். சோர்வு வரும். எடை கூடும். முடி கொட்டும். குளிர் தாங்காது. மலம் கட்டும். பெண்களுக்கு மாதவிலக்கு தப்பும். இதைத்தான் மக்கள் "தைராய்டு வந்துவிட்டது" என்கிறார்கள்.

இது எத்தனை பேருக்கு இருக்கிறது? இந்தியாவில் சென்னை உட்பட 8 நகரங்களில் 5,000-க்கு மேற்பட்ட பெரியவர்களைச் சோதித்தார்கள். அந்த முடிவு 2013-இல் வெளிவந்தது. நூற்றுக்கு ஏறக்குறைய 11 பேருக்குத் தைராய்டு குறைவு! பெண்களிடம்தான் அதிகம்.

இந்தச் சுரப்பிக்கு வேண்டிய மூலப்பொருள் அயோடின். பெரியவர் ஒருவருக்கு நாள் ஒன்றுக்கு 150 மைக்ரோ கிராம் போதும். ஒரு கிராமைப் பத்து லட்சம் பங்காக்கினால் ஒரு பங்குதான் ஒரு மைக்ரோ கிராம். எழுபது வயது வரை வாழ்பவருக்கு, வாழ்நாள் முழுவதற்கும் சேர்த்து 4 கிராம் அயோடின்கூடத் தேவை இல்லை. ஒரு தேக்கரண்டிக்குள் அடங்கிவிடும்.

ஆனால், அதை ஒரே நாளில் விழுங்கி வைத்துக்கொள்ள முடியாது. கொஞ்சம் கொஞ்சமாக வந்துகொண்டே இருக்க வேண்டும்.

மோரோடு போன செல்வம்

அயோடின் மண்ணில் இருந்து புல்லுக்குப் போகிறது. புல்லில் இருந்து பசுவுக்குப் போகிறது. பசுவில் இருந்து பாலுக்கு வருகிறது. இது வரையில் அத்தையின் பக்கம் நியாயம் இருக்கிறது.

அதற்குப் பிறகுதான் கதை மாறுகிறது.

பாலில் உள்ள அயோடினில் பெரும்பகுதி தண்ணீர்ப் பாகத்தில் கரைந்து நிற்கிறது. கொழுப்பில் அது மிகவும் குறைவு. தயிரைக் கடைந்து வெண்ணெய் எடுத்தால் என்ன ஆகும்? கொழுப்பு மேலே திரண்டு வரும். அயோடின் மோரிலேயே தங்கிவிடும்! வெண்ணெயை உருக்கி நெய் ஆக்கினால், இருந்த கொஞ்சத் தண்ணீரும் போய்விடும்.

அதாவது, வீட்டில் வெண்ணெயை எடுத்து மருமகளுக்குக் கொடுத்துவிட்டு, மோரை அத்தை குடித்தாள் என்றால், அயோடின் கிடைத்தது அத்தைக்குத்தான்!

இன்னும் ஒரு விஷயம். தைராய்டு குறைந்தவர்களுக்கு ரத்தத்தில் கொலஸ்டிரால் ஏறும். உடம்பு அதைச் சரியாக வெளியேற்றாது. அந்த நேரத்தில் தினம் ஓர் உருண்டை வெண்ணெய் தின்னுவது மருந்து ஆகாது.

சீமையில் நடந்த அதிசயம்

"அப்படியானால் பாலாவது புல் மேய்ந்த பசுவின் பாலாக இருக்க வேண்டாமா?" என்று கேட்கலாம்.

இதற்கு இங்கிலாந்து நாடு பதில் சொல்லுகிறது. அங்கே ஒரு காலத்தில் பல ஊர்களில் கழுத்துக் கழலை இருந்தது. அயோடின் குறைந்தால் சுரப்பி வீங்கிக் கழலை ஆகும். பின்னர் அந்த நோய் மெல்ல மறைந்தது. உப்பில் அயோடின் போடும்படி அங்கே சட்டம் இல்லை. பிறகு எப்படி மறைந்தது?

மாட்டுத் தீவனத்தில் அயோடின் சேர்த்தார்கள். மாடு நன்றாகக் கன்று போட வேண்டும் என்பதற்காகச் சேர்த்தது அது. மனிதனுக்காக அல்ல! மாடு தின்றது, பாலில் வந்தது, பிள்ளைகள் குடித்தார்கள், கழலை போயிற்று.

அங்கே குளிர்காலத்தில் மாடுகள் கொட்டகையில் நின்று கலப்புத் தீவனம் தின்னும். கோடையில் வெளியே புல் மேயும். எந்தப் பாலில் அயோடின் அதிகம்? குளிர்காலப் பாலில்தான்! ரசாயனம் இல்லாமல், பெரும்பாலும் புல்லிலேயே வளர்க்கும் பண்ணைகளின் பாலைச் சர்ரே பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள் சோதித்தார்கள். முடிவு 2012-இல் வெளிவந்தது. சாதாரணப் பாலைவிட அதில் அயோடின் 40 சதவிகிதத்துக்கு மேல் குறைவாக இருந்தது.

புல் மேய்ந்த பசுவின் பாலில் வேறு நன்மைகள் உண்டு. அதை மறுக்க வேண்டியதில்லை. அயோடின் விஷயத்தில் மட்டும் அது பின்தங்கி நிற்கிறது.

இதற்கு அந்த ஆராய்ச்சியாளர்கள் சொன்ன காரணங்களில் ஒன்று நம் ஊருக்கும் பொருந்தும். அந்தப் பண்ணைகளில் கிளோவர் என்ற செடி மேய்ச்சலில் நிறைய இருக்கும். அதில் சிறிதளவு சயனைடு தரும் சத்து உண்டு. அது மாட்டின் உடம்பில் மாறி, அயோடின் பாலுக்குள் நுழையாதபடி வழி மறிக்கிறது.

அங்கே கிளோவர். இங்கே மரவள்ளி!

திப்பி தின்னும் மாடுகள்

சேலம், நாமக்கல் என்றாலே மரவள்ளிக் கிழங்கும் ஜவ்வரிசியும் நினைவுக்கு வரும். ஆத்தூர், ராசிபுரம், சேலம் பக்கங்களில் நூற்றுக்கணக்கான சேகோ ஆலைகள் இருக்கின்றன. ஆலைக்காரர்களின் கூட்டுறவுச் சங்கமான சேகோசர்வ் 1981-இல் சேலத்தில் ஏற்பட்டது. சேலம் ஜவ்வரிசிக்கு 2023-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது.

கிழங்கை அரைத்து மாவுப் பாலை எடுத்த பிறகு மிஞ்சுவது திப்பி. அதைக் காய வைத்து மாட்டுக்குப் போடுகிறார்கள். விலை மலிவு. மாடும் ஆசையாகத் தின்னும்.

மரவள்ளியின் இலையிலும் தோலிலும் சயனைடு தரும் பொருள் அதிகம். பச்சை இலையை வயிறு முட்டத் தின்ற மாடு சிறிது நேரத்தில் நுரை தள்ளி விழுந்துவிடும். இதை இந்த ஊர் விவசாயிகளுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. "வெட்டின இலையை வாட வைத்துப் போடு" என்று கால்நடை டாக்டர்கள் சொல்லுவதும் இதனால்தான்.

கொஞ்சமாகச் சயனைடு உள்ளே போனால் உடம்பு அதை முறித்துத் தயோசயனேட் என்ற பொருளாக மாற்றிவிடுகிறது. உயிர் போகாது. ஆனால், இந்தத் தயோசயனேட் ஒரு வழிமறிச்சான். அயோடின் சுரப்பிக்குள் போகும் வாசலில் இது முந்திக்கொண்டு நிற்கும். ஆப்பிரிக்காவில் காங்கோ நாட்டில் சில பகுதிகளில் மரவள்ளிதான் முக்கியச் சாப்பாடு. அங்கே 1970-களில் ஆராய்ந்தபோது, அயோடின் குறைந்த சாப்பாட்டோடு சரியாக ஊற வைக்காத மரவள்ளியும் சேர்ந்ததால் கழலை பெருகியது தெரிந்தது.

ஜவ்வரிசிப் பாயசம் குடிக்கிறவர்கள் பயப்பட வேண்டாம். தண்ணீரில் பல தடவை கழுவி, வறுத்து, காய வைப்பதில் நஞ்சு பெரும்பாலும் போய்விடுகிறது. கழுவி, வெயிலில் நன்றாகக் காய்ந்த திப்பியிலும் அது குறைவே. கவனிக்க வேண்டியது பச்சைத் தோலையும் இலையையும்.

மாடு தின்றது குழந்தையின் கழுத்தில் தெரியும் என்ற பயம் புதிது அல்ல. ஆஸ்திரேலியாவில் டாஸ்மேனியா என்ற தீவு இருக்கிறது. அங்கே 1950-இல் பள்ளிப் பிள்ளைகளுக்கு அயோடின் மாத்திரை கொடுக்கத் தொடங்கினார்கள். கழலை குறையவில்லை. டாக்டர் கிளமென்ட்ஸ் என்பவர் பாலின் மீது சந்தேகப்பட்டார். பள்ளிகளில் இலவசப் பால் வந்ததால் பால் தேவை கூடியது. விவசாயிகள் முட்டைக்கோஸ் இனத்துத் தீவனப் பயிரை நிறையப் போட்டார்கள். "அந்தப் பயிரில் உள்ள சத்து பால் வழியாக வந்து அயோடினைத் தடுக்கிறது" என்றார் அவர். பின்லாந்தில் விர்ட்டனென் இதைச் சோதித்தார். அவர் சாமானியர் அல்ல. மாட்டுத் தீவன ஆராய்ச்சிக்காக 1945-இல் நோபல் பரிசு வாங்கியவர். "பாலில் வருவது மிகச் சிறிதளவு, அது கழலையை உண்டாக்கப் போதாது" என்பது அவர் கண்ட முடிவு. சண்டை நெடுநாள் நடந்தது.

புல் எங்கே?

இன்னொரு கேள்வியும் இருக்கிறது. சேலம் சமவெளியில் ஆண்டு முழுவதும் பசும்புல் மேயும் மாடு எங்கே இருக்கிறது?

ஐப்பசி மழைக்குப் பிறகு தை வரை வரப்பிலும் ஏரிக்கரையிலும் பச்சை இருக்கும். மாசி, பங்குனியில் சோளத்தட்டு, வைக்கோல், கடலைக்கொடி. தண்ணீர் உள்ளவர்கள் கோ-4 புல் வெட்டிப் போடுவார்கள். அதோடு தவிடும் புண்ணாக்கும். அயர்லாந்து போல, நியூசிலாந்து போல, பரந்த பச்சைப் புல்வெளி இங்கே கிடையாது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு கிலோ வெண்ணெய்க்கு 20 லிட்டருக்கு மேல் பசும்பால் வேண்டும். காங்கேயம் பசு நாளைக்கு இரண்டு, மூன்று லிட்டர் கறந்தால் பெரிது. கன்றுக்கு ஒரு பங்கு விட வேண்டும். ஒரு கிலோ வெண்ணெய்க்கு ஒரு மாடு பத்து நாள் கறக்க வேண்டும்! கடை கடையாக அடுக்கியிருக்கும் ஜாடிகள் எல்லாம் அப்படிப்பட்ட மாடுகளிடம் இருந்துதானா என்று வாங்குகிறவர் யோசிக்க வேண்டும். ஜாடியை முகர்ந்து பார்த்து, மாடு என்ன தின்றது என்று சொல்ல யாராலும் முடியாது.

"ஏ2" என்ற சீட்டும் இப்படித்தான். ஏ1, ஏ2 என்பது பாலில் உள்ள ஒரு புரதத்தின் வகை. நெய்யோ கொழுப்பு. கொழுப்புக்குப் புரதத்தின் பெயரைச் சூட்டினால் எப்படி? இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2024 ஆகஸ்டு 21-ந் தேதி, "ஏ1, ஏ2 என்று எழுதி விற்பது மக்களைத் தவறாக நடத்தும், அதை எடுத்துவிடுங்கள்" என்று உத்தரவு போட்டது. ஐந்தே நாளில், 26-ந் தேதி, "எல்லோரையும் கலந்து பேச வேண்டும்" என்று சொல்லி உத்தரவைத் திரும்பப் பெற்றது. சீட்டு ஜாடியிலேயே தங்கிவிட்டது. உத்தரவு போனதே தவிர, அது சொன்ன நியாயம் போகவில்லை.

வெண்ணெயின் நல்ல குணத்தையும் சொல்லத்தான் வேண்டும். பச்சை தின்ற பசுவின் வெண்ணெய் மஞ்சளாக இருக்கும். அந்த மஞ்சள்தான் கரோட்டின். அது உடம்பில் வைட்டமின் ஏ ஆக மாறும். எருமை தன் உடம்பிலேயே அதை வைட்டமின் ஏ ஆக மாற்றிவிடுவதால் எருமை வெண்ணெய் வெள்ளையாக இருக்கிறது. சத்தில் அது தாழ்ந்தது அல்ல. மொராக்கோ நாட்டில் கழலை இருந்த குழந்தைகளுக்கு அயோடின் உப்போடு வைட்டமின் ஏ-யும் கொடுத்தபோது உப்பின் பலன் கூடியது. வெண்ணெயைப் புகழ்கிறவர்கள் இதைப் பிடித்துக்கொள்ளலாம். ஆனால், அங்கேயும் அயோடின் உப்பு இருந்தது! வைட்டமின் ஏ-க்கு வெண்ணெயைத்தான் தேட வேண்டும் என்பதும் இல்லை. கொல்லையில் முருங்கைக்கீரை இருக்கிறது. பப்பாளி இருக்கிறது.

உப்புச் சாடியைப் பாருங்கள்

கழலையை ஒழித்த பொருள் உப்பு. இமயமலை அடிவாரத்தில் காங்ரா பள்ளத்தாக்கில் 1956-இல் டாக்டர் வி. ராமலிங்கசுவாமி ஒரு சோதனை தொடங்கினார். இளமையில் நம் குன்னூர் ஆராய்ச்சிச் சாலையில் வேலை பார்த்தவர் அவர். சில பகுதிகளுக்கு அயோடின் கலந்த உப்பு. ஒரு பகுதிக்குச் சாதா உப்பு. அயோடின் உப்பு தின்ற ஊர்களில் பிள்ளைகளின் கழலை மளமளவென்று குறைந்தது. 1962-இல் சர்க்கார் தேசியக் கழலைத் தடுப்புத் திட்டத்தைத் தொடங்கியது.

பிறகு வந்த கதை சுவையானது. அயோடின் இல்லாத உப்பைச் சாப்பாட்டுக்கு விற்கக் கூடாது என்று 1998-இல் தடை. 2000-இல் தடை நீங்கியது. 2006-இல் மீண்டும் தடை! உப்பு விளையும் தூத்துக்குடியை வைத்துக்கொண்டிருக்கும் தமிழ்நாட்டில், 2005-06 குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, பாதி வீடுகளில்கூடப் போதிய அயோடின் உள்ள உப்பு இல்லை. பின்னர் நிலைமை வெகுவாகச் சீர்பட்டது.

இப்போது அது மறுபடி கெட்டுவிடுமோ என்ற பயம் வருகிறது. "வெள்ளை உப்பு விஷம், இந்துப்பு வாங்கு" என்று அதே கைப்பேசி சொல்லுகிறது. இந்துப்பு பெரும்பாலும் அயோடின் சேர்க்காமலே விற்கிறது. வெண்ணெய் ஜாடியும் இந்துப்புப் பொட்டலமும் ஒரே பையில் வீட்டுக்கு வருகின்றன. சாடியில் இருந்த அயோடின் உப்பு மாட்டுக் கழுநீருக்குப் போகிறது. மாடு பிழைத்துக்கொள்ளும். பிள்ளைகள்?

வீட்டுக்கு வரும் உப்பில் ஒரு கிராமுக்குக் குறைந்தது 15 மைக்ரோ கிராம் அயோடின் இருக்க வேண்டும் என்பது சட்டம். நாளைக்கு 5 கிராம் உப்பு சேர்த்தால் பாதித் தேவை தீர்ந்தது. மிச்சத்துக்குப் பாலும் மோரும் மீனும் முட்டையும் இருக்கின்றன. நாமக்கல்காரருக்கு முட்டைக்கா பஞ்சம்? கோழித் தீவனத்தில் சேர்க்கும் தாது உப்பில் உள்ள அயோடின் முட்டைக்கும் வருகிறது. மாட்டுக்கும் தாது உப்புக் கலவை வைத்தால் பாலுக்கு வரும். இங்கிலாந்தில் நடந்தது அதுதானே!

கல் உப்பு வாங்குகிறவர்கள் அயோடின் சேர்த்த கல் உப்பாகப் பார்த்து வாங்கலாம். அதைக் கழுவக் கூடாது. அயோடின் கல்லின் மேலேதான் ஒட்டியிருக்கிறது. கழுவினால் போய்விடும். சாடியை மூடி வைக்க வேண்டும்.

மாத்திரையும் காபியும்

உப்பு எல்லாத் தைராய்டையும் தீர்க்குமா? தீர்க்காது. இன்று நம் ஊரில் காணும் தைராய்டுக் குறைவில் பெரும்பகுதி வேறு வகை. உடம்பின் காவல் படையே சுரப்பியைப் பகையாளி என்று நினைத்து அடிக்கிறது. காவல்காரன் வீட்டுக்காரனை அடிப்பது போல! அடிபட்ட சுரப்பிக்கு அயோடினைக் கொட்டினாலும் பயன் இல்லை. அளவு மீறினால் கெடுதலும் உண்டு. சுரக்காத நீரை மாத்திரையாகக் கொடுப்பதுதான் வழி. அதை வெண்ணெய் செய்யாது, உப்பும் செய்யாது.

அந்த மாத்திரைக்கும் பாலுக்கும் ஒரு பகை இருக்கிறது. 2018-இல் வெளிவந்த ஒரு சிறிய ஆராய்ச்சியில், ஆரோக்கியமான 10 பேருக்கு இந்த மாத்திரையைப் பாலோடு கொடுத்துப் பார்த்தார்கள். ரத்தத்தில் சேர்ந்த மருந்தின் அளவு குறைந்தது. பாலில் உள்ள சுண்ணாம்புச் சத்து மருந்தைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. ஆகையால், விடிந்ததும் வெறும் வயிற்றில் தண்ணீரோடு மாத்திரை. அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்துத்தான் காபி. காபி இல்லாமல் கண் விழிக்காதவர்களுக்கு இது கஷ்டம்தான்!

ராசிபுரத்து மருமகள் கர்ப்பமாக இருந்தால் இது இன்னும் பெரிய விஷயம். முதல் மூன்று மாதம் வயிற்றுப் பிள்ளைக்குச் சொந்தத் தைராய்டு நீர் கிடையாது. தாயினுடையதுதான் அதற்கும். பிள்ளையின் மூளை அதைக் கொண்டுதான் வளருகிறது. அந்தச் சமயத்தில் டாக்டர்கள் பெரும்பாலும் மாத்திரையின் அளவைக் கூட்டுவார்களே தவிர, நிறுத்த மாட்டார்கள். நாள் தள்ளிப் போனதும் ரத்தச் சோதனைக்குப் போக வேண்டும். கிராம நர்ஸ் கொடுக்கும் இரும்புச் சத்து மாத்திரையையும் கால்சியம் மாத்திரையையும் தைராய்டு மாத்திரை போட்டு நாலு மணி நேரம் ஆன பிறகுதான் விழுங்க வேண்டும். அத்தை கொடுத்த வெண்ணெயைத் தோசைக்குத் தொட்டுக்கொள்ளலாம்.